மூலைகள் 90 டிகிரி இல்லை: கார்னிஸ் வைத்துக் கற்றது

சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் கார்னிஸ் என்ற அலங்காரப் பட்டையை வைக்கலாமா என்று கேட்டால், எல்லோரும் டிசைனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை வரி, எவ்வளவு வளைவு, பூவேலைப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூலையின் கோணம் என்ன, சீலிங் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, சுவரின் மேல் இருப்பது கெட்டியான பூச்சா உரியக்கூடிய பெயின்டா, பட்டையின் எடையை எது தாங்கப்போகிறது என்று கேட்பவர் ஒருவர்கூட இல்லை. இந்தக் கேள்விகள் எதுவும் கேட்கப்படாமல் என் படுக்கையறையில் ஒரு வேலை நடந்தது. அறையைப் புதுப்பிக்க ஒதுக்கியிருந்த தொகையில் பாதிக்கு மேல் அதில் போனது. பிறகு மாதக்கணக்கில் நானே ஏணியில் ஏறி இறங்கி அதைத் திருத்தினேன். முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நாட்களில் நினைக்காத பொழுதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைக்கிறேன்.

முதலில் அளவு. கடையில் பட்டைகளை வரிசையாகச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். உயரமான கூடத்தில், நல்ல வெளிச்சத்தில், கண்ணுக்கு நேராகப் பார்க்கும்போது பெரிய பட்டைதான் எடுப்பாகத் தெரியும். எனக்கு 7 அங்குல அகலமுள்ள பட்டையைப் பரிந்துரைத்தார்கள். என் அறையின் உயரம் 9 அடிக்கும் குறைவு. மாட்டிய அன்றே சீலிங் கீழே இறங்கிவிட்டதைப் போல ஒரு இறுக்கம் வந்தது. பொதுவாக 8 அடி உயர அறைக்கு 3 முதல் 4 அங்குலம், 9 அடிக்கு 4 முதல் 5 அங்குலம் என்பது கண்ணுக்கு உறுத்தாத அளவு. 10 அடியைத் தாண்டினால்தான் பெரியவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். இது சட்டமல்ல, கண் பழகிய விகிதம். அதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. பிடித்த டிசைனில் ஒன்றரை அடித் துண்டு ஒன்றை வாங்கி, அறையின் மூலைக்கருகே தற்காலிகமாக ஒட்டி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள். காலை வெயிலில் ஒரு முகம் காட்டும், இரவு விளக்கில் வேறு முகம் காட்டும். ஆழமான வரிகள் உள்ள பட்டை இரவில் கனத்த நிழல் விழுந்து பெரிதாகத் தெரியும். கதவிலிருந்து பாருங்கள், படுத்துக்கொண்டும் பாருங்கள். படுக்கையறை சீலிங்கை அதிகம் பார்ப்பது படுத்திருக்கும்போதுதான்.

அகலம் என்று கடையில் சொல்வது பட்டையின் முகத்தின் அளவு. அது சுவரில் எவ்வளவு இறங்கும், சீலிங்கில் எவ்வளவு நீளும் என்பது வேறு கணக்கு. பெரும்பாலான பட்டைகள் சுவரோடு 38 டிகிரி சாய்வில் உட்காரும்படி செய்யப்படுகின்றன. சில 45 டிகிரியில் உட்காரும். 38 டிகிரிப் பட்டையில் 100 மி.மீ. அகலம் என்றால் சுவரில் ஏறத்தாழ 79 மி.மீ. இறங்கும், சீலிங்கில் 62 மி.மீ. வெளியே வரும். இந்த வெளியே வரும் அளவை யாரும் சொல்வதில்லை. எனக்கு வைத்த 7 அங்குலப் பட்டை சுவரிலிருந்து 11 செ.மீ. நீட்டிக்கொண்டு நின்றது. சீலிங் வரை உயர்ந்த அலமாரியின் மேல்கதவு அதில் இடித்து, பாதியில் நின்றுவிட்டது. திரைச்சீலைக் கம்பி, ஏசி, அலமாரிக் கதவு, ஜன்னலின் மேல்சட்டம் ஆகிய நான்கையும் பட்டை வரும் இடத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள். பட்டைக்குப் பின்னால் விளக்கு மறைத்து வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அதற்கான பட்டையின் வடிவம் வேறு, அதைச் சீலிங்கிலிருந்து இறக்கிப் பொருத்த வேண்டும், ஒயரும் முன்பே வந்திருக்க வேண்டும்.

எந்தப் பொருள் என்பது அடுத்த குழப்பம். தெர்மோகோல் வகை மிக இலேசானது, கத்தியால்கூட வெட்டலாம், ஒட்டினாலே நிற்கும். ஆனால் ஏணியின் நுனி பட்டாலே குழி விழும், தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும். கரைப்பான் கலந்த பசையை அதில் தடவினால் பட்டை கரைந்து உள்வாங்கிவிடும், அதற்கென்று விற்கும் பசையைத்தான் வாங்க வேண்டும். பாலியூரித்தேன் அதைவிடக் கெட்டி, வரிகள் கூர்மையாக இருக்கும், ஈரத்தில் ஊறாது, விலை கூடுதல். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கார்னிஸின் அழகு தனி. கைதேர்ந்தவர் செய்தால் மூலையில் இணைப்பே தெரியாது, ஏறி இறங்கும் சீலிங்குக்கும் வளைந்துகொடுக்கும், ஏனென்றால் இடைவெளியை அதே கலவையால் நிரப்பிச் சேர்த்துவிடலாம். ஆனால் அது கனமானது, உடையும், நீர்க்கசிவு வந்தால் மஞ்சள் கறை பிடித்து உதிரும். கலவை நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் பழக்கமில்லாதவர் தொடக்கூடாது. இறுகும்போது சூடேறும், வெறுங்கையை அதில் அழுத்தி வைத்தால் தோல் வெந்துபோகும். மரம் நீடித்து உழைக்கும், ஆனால் காற்றின் ஈரம் மாறும்போது அகலவாக்கில் விரிந்து சுருங்கும். மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பட்டை வழவழப்பானது, பெயின்டை நன்றாக ஏற்கும், காய்ந்த அறைக்குப் பொருத்தமானது. குளியலறை, சமையலறை போன்ற ஈரமான இடங்களில் வெட்டிய விளிம்பு வழியே நீரை இழுத்து உப்பிவிடும். எனக்கு வைத்தது எம்.டி.எஃப். பின்னால் நடந்ததற்கு அந்தப் பொருள் காரணமல்ல. பொருத்திய விதம்தான் காரணம்.

பொருத்த வந்தவர் விரைவாக வேலை செய்தார். காலையில் பட்டைகள் வந்தன, மாலையில் நான்கு சுவரும் முடிந்திருந்தன. ஏற்கெனவே பெயின்ட் அடித்திருந்த சுவரில், சுரண்டாமல், பட்டையின் பின்னால் பசையை வளைந்து வளைந்து பிழிந்து ஒட்டினார். அங்கங்கே ஆணி அடித்தார். செங்கல் சுவரின் பூச்சில் அந்த மெல்லிய ஆணிகள் வளைந்தன, அல்லது பூச்சை உதிர்த்துவிட்டுத் தொளதொளவென்று நின்றன. மூலைகள் எல்லாவற்றையும் 45 டிகிரியில் வெட்டினார். மூலையில் வாய்பிளந்த இடத்தில் சிலிகான் பிழிந்து விரலால் இழுத்துவிட்டார். அன்று மாலை பார்க்க நன்றாகவே இருந்தது. முழுப் பணமும் கைமாறியது.

சில வாரங்களில் மூலைகளில் கோடு தெரிந்தது. பிறகு நீளமான சுவரில் பட்டையின் மேல்விளிம்பு சீலிங்கைவிட்டு விலகியது. ஒருநாள் நள்ளிரவில் அந்த நீளத் துண்டு ஒரு முனையில் கழன்று, கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் இடித்துத் தொங்கியது. அந்தச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தபோது என் தலைக்கும் அந்தப் பட்டைக்கும் ஒரு முழ தூரம்கூட இல்லை. கைகால் நடுங்கியது நிற்க வெகுநேரம் ஆனது. 7 அங்குல எம்.டி.எஃப். பட்டை நல்ல கனம். விடியும்வரை கூடத்தில்தான் படுத்தேன். பொருத்தியவரை அழைத்தால் முதலில் வருகிறேன் என்றார், பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார். கோபத்தைவிட அவமானமே அதிகமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடம் ஆசையாகக் காட்டிய வேலை அது.

மீதிப் பட்டைகளை நானே இறக்கினேன். இறக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் கூரிய கத்தியால் கோடு கிழித்து, பெயின்டையும், இடைவெளியை அடைத்திருக்கும் சீலண்டையும் அறுத்துவிட வேண்டும். அறுக்காமல் இழுத்தால் சீலிங் பெயின்ட் நீளமாக உரிந்து வரும். பிறகு அகலமான தகடு ஒன்றைச் சுவரில் வைத்து, அதன் மேல் நெம்புகோலை ஊன்றி மெல்ல நெம்ப வேண்டும். நீளமான துண்டை ஒருவராக இறக்கவே கூடாது. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகமூடியும் கட்டாயம். வீடு மிகப் பழையது என்றால், பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட சுவரை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது.

இறக்கிய துண்டுகளைத் தரையில் குப்புறப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பசை கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பசைத் திட்டின் மேலும் என் சுவரின் பெயின்ட், தோல் போல, முழுதாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதன் அடிப்பக்கத்தில் விரலை வைத்தால் வெள்ளையாக மாவு ஒட்டியது. அதாவது பசை பெயின்டைப் பிடித்திருந்தது, பெயின்ட் சுவரைப் பிடிக்கவில்லை. எவ்வளவு விலை உயர்ந்த பசையாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பட்டை தொடும் இரண்டு கோடுகளிலும், சுவரில் ஒன்று சீலிங்கில் ஒன்று, பெயின்டைப் பூச்சு தெரியும்வரை சுரண்டி, தூசியைத் துடைத்த பிறகுதான் பசை போட வேண்டும். சுவரின் பெயின்ட் உறுதியானதா என்று அறிய எளிய வழி, அதில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, அழுத்தமான டேப் ஒன்றை ஒட்டி வெடுக்கென்று பிய்ப்பது. சில்லுகள் டேப்போடு வந்தால் அந்தப் பெயின்டை நம்ப முடியாது.

மூலைகளில் இருந்த சிலிகானையும் கவனித்தேன். அதன் மேல் அடித்த பெயின்ட் தாமரை இலைத் தண்ணீராக ஒதுங்கி ஒதுங்கித் திட்டாகக் காய்ந்திருந்தது. சாதாரண சிலிகான் பெயின்டை ஏற்காது. இந்த வேலைக்கு வேண்டியது பெயின்ட் அடிக்கத்தக்க அக்ரிலிக் சீலண்ட். இரண்டும் ஒரே மாதிரிக் குழாயில்தான் வரும், வாங்கும்போது படித்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை சிலிகான் பட்ட இடத்தை முழுமையாகச் சுரண்டி எடுக்காவிட்டால் அடுத்து எதைத் தடவினாலும் அங்கே பிடிக்காது. அதைச் சுரண்டுவதில் போன நேரம்தான் இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது.

இனி மூலைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். உங்கள் அறையின் மூலை 90 டிகிரி இருக்காது. கட்டும்போது இருந்திருந்தாலும், பூச்சு பூசும்போது மூலையில் கலவை தடித்துவிடும். சீலிங்கை ஒட்டிய இடத்தில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே கரணையை முழுதாக இழுக்க இடம் கிடைப்பதில்லை. இடுப்பு உயரத்தில் மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்வது பயன்படாது. ஏணியில் ஏறி, பட்டை உட்காரும் உயரத்தில் அளக்க வேண்டும். கருவி இல்லையென்றாலும் அளக்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 செ.மீ., மறுசுவரில் 80 செ.மீ. குறித்து, இரண்டு குறிகளுக்கும் குறுக்கே அளந்தால் சரியாக 100 செ.மீ. வர வேண்டும். கூடினால் மூலை விரிந்தது, குறைந்தால் குறுகியது. நான் நகரும் கோணமட்டம் வைத்து அளந்தேன். என் அறையின் நான்கு மூலைகளும் 92, 89, 91, 88 என்று வந்தன. நாற்கரத்தின் கோணங்கள் என்பதால் நான்கையும் கூட்டினால் 360 வர வேண்டும். வந்தால் நம் அளவும் சரி.

2 டிகிரியில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 92 டிகிரி மூலையில் இரண்டு பட்டைகளையும் 45 டிகிரியில் வெட்டி வைத்தால், பின்பக்கம் ஒட்டியும் முன்பக்கம் பிளந்தும் நிற்கும். 100 மி.மீ. பட்டையில் அந்தப் பிளவு முன்விளிம்பில் ஏறத்தாழ 3 மி.மீ. எனக்கு முதலில் வைத்த 7 அங்குலப் பட்டையில் 5 மி.மீ.க்கும் அதிகம். பட்டை பெரிதாகப் பெரிதாக அறையின் கோணலும் பெரிதாகத் தெரியும். பெரிய பட்டை சுவரின் குறைகளை மறைக்கும் என்று கடையில் சொல்வார்கள். பூச்சின் விரிசலை மறைக்கும், உண்மைதான். கோணத்தையும் மட்டத்தையும் அது வெளிச்சம் போட்டுக் காட்டும்.

மூலையின் கோணம் தெரிந்தால், கோணம் திருப்பி வெட்டும் மேசை ரம்பத்தை எத்தனை டிகிரியில் வைப்பது? அளந்த கோணத்தை 180-இலிருந்து கழித்துப் பாதியாக்க வேண்டும். 92 டிகிரி மூலைக்கு 180-இல் 92 போக 88, அதில் பாதி 44. மூலை விரிந்திருக்கிறதே என்று 46 வைத்தால் பிளவு இரட்டிப்பாகும், ஏனென்றால் ரம்பத்தின் அளவுகோலில் நேர்வெட்டுதான் பூஜ்ஜியம். இந்தக் கணக்கு பட்டையை ரம்பத்தில் சாய்த்து நிறுத்தி வெட்டும்போது மட்டுமே பொருந்தும். பட்டையைத் தலைகீழாகப் பிடித்து, சீலிங்கைத் தொடும் விளிம்பு ரம்பத்தின் மேசையிலும், சுவரைத் தொடும் விளிம்பு பின்தடுப்பிலும் படும்படி வைக்க வேண்டும். மேசையைச் சீலிங் என்றும் தடுப்பைச் சுவர் என்றும் நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பட்டையைப் படுக்கவைத்து வெட்டுவதென்றால் இரண்டு கோணங்கள் வைக்க வேண்டும். 38 டிகிரிப் பட்டைக்கும் 90 டிகிரி மூலைக்கும் ரம்பத்தின் திருப்பம் 31.6, அலகின் சாய்வு 33.9. 45 டிகிரிப் பட்டைக்கு 35.3, 30. மூலை 90 இல்லையென்றால் இவையும் மாறும். அதனால் உயரம் இடம் கொடுக்கும் ரம்பமாக இருந்தால் நிறுத்தி வெட்டுவதே நிம்மதி. உள்மூலை இடது, உள்மூலை வலது, வெளிமூலை இடது, வெளிமூலை வலது என்று நான்கு மாதிரித் துண்டுகளை முதலில் வெட்டி, பின்னால் பென்சிலால் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் பிடிக்கும்போது இடம் வலமாகிவிடும். மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டினால் நீளத் துண்டு வீணாகாது.

உள்மூலைகளுக்கு இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்றை ஒரு வயதான தச்சர் சொல்லித்தந்தார். என் மூலை அளவுகள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, “ஐயா, உள்மூலையில் இரண்டையும் சாய்த்து வெட்டிச் சேர்க்காதீர்கள். ஒன்று நேராகப் போய்ச் சுவரில் முட்டட்டும். மற்றொன்று அதன் முகத்தின் மேல் வந்து உட்காரட்டும்” என்றார். அதாவது முதல் பட்டையை நேர்வெட்டாக வெட்டிச் சுவரோடு முட்டவைக்க வேண்டும். இரண்டாவது பட்டையை முதலில் உள்மூலைக்கு வெட்டுவதைப் போல 45 டிகிரியில் வெட்டினால், முன்பக்கத்தில் பட்டையின் வரிவடிவம் ஒரு வளைகோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டிவிட்டு, மெல்லிய அலகுள்ள வளைவு ரம்பத்தால் கோட்டை ஒட்டியே அறுக்க வேண்டும். அறுக்கும்போது ரம்பத்தைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால், முன்விளிம்பு மட்டும் நின்று பின்னால் இருப்பது குடைந்து போய்விடும். பிறகு வட்ட அரத்தாலும் உப்புத்தாளாலும் வளைவுகளைச் செதுக்க வேண்டும்.

புதிதாக வாங்கிய 100 மி.மீ. பட்டையில் முதல் துண்டை அறுத்து, ஒரு மாதிரித் துண்டின் முகத்தில் பொருத்திப் பார்த்தேன். மேலே குழிந்த வளைவில் சரியாக உட்கார்ந்தது, கீழே இருந்த சிறிய படியில் வெளிச்சம் கசிந்தது. அரத்தை அங்கே ஓரிரு இழுப்பு இழுத்தேன். மீண்டும் வைத்தபோது வெளிச்சம் மறைந்தது. அந்த மூலை 92 ஆனாலும் 88 ஆனாலும் இந்த இணைப்பு பிளக்காது, ஏனென்றால் முன்விளிம்பு மட்டுமே மற்றப் பட்டையைத் தொடுகிறது, கோணம் கொஞ்சம் மாறினாலும் பின்னால் நகர இடம் இருக்கிறது. அத்தனை வாரமாக மனத்தில் இருந்த பாரம் அந்த ஒரு துண்டில் இறங்கியது. எம்.டி.எஃப். பட்டையில் அறுத்த முனை காகிதம் போல மெல்லியதாக இருக்கும், தரையில் ஊன்றினால் நொறுங்கிவிடும், கவனமாகக் கையாள வேண்டும். பிளாஸ்டருக்கும் தெர்மோகோலுக்கும் இந்த வித்தை தேவையில்லை. உரிய கோணத்தில் வெட்டி, அதற்கான கலவையாலோ பசையாலோ நிரப்பித் தேய்த்துவிடலாம்.

வெளிமூலைக்கு இது பயன்படாது. என் அறையில் ஒரு தூண் துருத்திக்கொண்டிருக்கிறது, அதில் இரண்டு வெளிமூலைகள். அங்கே கோணத்தைச் சரியாக அளந்து, சாய்த்து வெட்டி, இரண்டு துண்டுகளையும் தரையிலேயே பசை போட்டுச் சேர்த்து, காய்ந்த பிறகு ஒரே துண்டாக மேலே ஏற்றினேன். மேலே போய்ச் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ எளிது.

தாங்குவதற்கு என்ன செய்தேன் என்றால், பசையை மட்டும் நம்பவில்லை. பட்டைக்குப் பின்னால் இருக்கும் முக்கோண வெற்றிடத்தில் பொருந்தும்படி மரச்சட்டம் ஒன்றைச் சாய்வாக இழைத்து, சுவரில் துளையிட்டு, பிளக் செருகி, திருகாணியால் இறுக்கினேன். பட்டையை அந்தச் சட்டத்தில்தான் ஆணியடித்தேன். விளிம்புகளில் பசை கூடுதல் பிடிமானம், அவ்வளவே. சட்டத்தைக் கொஞ்சம் சிறிதாக இழைக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டையின் விளிம்பு சுவரைத் தொடாமல் நிற்கும். துளையிடுவதற்கு முன் சுவருக்குள் ஒயர் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். சீலிங்கை ஒட்டிச் சுவரில் ஒயர் ஓடுவது மிகவும் சாதாரணம். ஒயர் கண்டறியும் கருவியால் ஒருமுறை தேடி, பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள்.

சீலிங்கின் மட்டத்தையும் சொல்ல வேண்டும். சுவரின் இரு முனைகளிலும் பட்டைத் துண்டு ஒன்றை வைத்து அதன் கீழ்விளிம்பைக் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே நூல் அடித்தேன். நடுவில் துண்டை வைத்துப் பார்த்தால், ஓரிடத்தில் பட்டை நூலுக்குக் கீழே இறங்கியது, வேறிடத்தில் சீலிங்குக்கும் பட்டைக்கும் நடுவே விரல் நுனி போகும் அளவு இடைவெளி. சீலிங் மிகவும் இறங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நூலைத் தீர்மானிப்பதே சரியான வழி. கீழ்விளிம்பு நேராக ஓடட்டும், கண் அதைத்தான் பார்க்கிறது. மேலே வரும் இடைவெளி இரண்டு மூன்று மி.மீ. என்றால் சீலண்ட் போதும். அதற்கு மேல் என்றால் சீலிங்கில் பட்டி பூசி, அகலமாக இழுத்துச் சமன் செய்ய வேண்டும். பருமனான பட்டை வளையாது. மெல்லியது சீலிங்கின் போக்குக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். நான் 100 மி.மீ. பட்டைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது அறையின் சுற்றளவோடு 15 சதவீதம் சேர்த்து வாங்குங்கள். மூலைகள் அதிகம் உள்ள அறைக்கு அதுவும் போதாமல் போகலாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே தொகுப்பிலிருந்து வாங்க வேண்டும். அடுத்த தொகுப்பில் வரியின் ஆழம் ஒரு நூல் மாறியிருந்தாலும் இணைப்பில் தெரியும். பட்டைகளை அறைக்குள் கொண்டுவந்து, தரையில் சமமாகப் படுக்கவைத்துச் சில நாட்கள் விட்டால் அறையின் ஈரத்துக்குப் பழகும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். வெட்டும் வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.டி.எஃப். தூசி மிக நுண்ணியது, அதன் பிசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, நல்ல முகமூடி இல்லாமல் வெட்டக்கூடாது. முனைகளில் ஆணி அடிப்பதற்கு முன் மெல்லிய துளை போடாவிட்டால் பிளந்துவிடும். பிரைமரும் முதல் பெயின்ட் பூச்சும் தரையிலேயே முடித்துவிட்டால் கழுத்துவலி பாதி குறையும். வெட்டிய முனைகளுக்கும் பிரைமர் தடவ மறக்கக்கூடாது.

பொருத்தும் வரிசையும் முக்கியம். கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவரில் முதல் பட்டையை முட்டுவெட்டாக வைத்து, பக்கச் சுவர்களின் பட்டைகள் அதன் மேல் வந்து உட்காரும்படி அமைத்தால், உள்ளே வருபவர் கண்ணுக்கு இணைப்பின் கோடு படாது. நீளம் போதாத சுவரில் இரண்டு பட்டைகளை நேருக்கு நேர் முட்டவைக்காமல், இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பசை போட்டுச் சேர்த்தால் பின்னாளில் கோடு விழுவது குறையும். அந்த இணைப்பு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் வரக்கூடாது. சீலண்டை மெல்லியதாகப் பிழிந்து ஈரவிரலால் இழுங்கள். காயும்போது அது சுருங்கும் என்பதால் மறுநாள் இன்னொரு தடவை போட வேண்டியிருக்கும். கடைசிப் பூச்சுக்கு மினுமினுப்பில்லாத பெயின்டைத் தேர்ந்தெடுத்தேன், பளபளப்பு ஏற்ற இறக்கத்தை எடுத்துக்காட்டும். பட்டைக்குச் சீலிங்கின் நிறத்தையே அடித்ததால், மேல்விளிம்பில் மிச்சமிருந்த கோணல் தெரியவில்லை.

ஆளை வைத்துச் செய்பவர்கள் பேரம் பேசும்போதே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். மூலையை எந்த உயரத்தில் அளப்பீர்கள், உள்மூலையை எப்படிச் சேர்ப்பீர்கள், பட்டையைச் சுவரில் எது தாங்கும், பெயின்டைச் சுரண்டுவது யார் பொறுப்பு, வாய்பிளந்தால் எதை வைத்து நிரப்புவீர்கள். கை தேர்ந்தவர் இந்தக் கேள்விகளால் மகிழ்வார், உட்கார்ந்து விளக்குவார். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கடைசிப் பகுதியை வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள், மூலைகள் பேசத் தொடங்குவது அப்போதுதான். ஒட்டுவதற்கு முன் சுவரின் நிலையையும், மரச்சட்டம் இறுக்கிய பின் அதையும் படம் எடுத்து வையுங்கள். பட்டை மேலே போய்விட்டால் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

என் பட்டைகள் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் கடந்துவிட்டன. தூணின் ஒரு வெளிமூலையில் மட்டும் மயிரிழைக் கோடு ஒன்று விழுந்தது. கத்தி நுனியால் கீறி, சீலண்டை இழுத்து, மேலே பெயின்ட் தொட்டேன். மிச்சமான துண்டுகளில் நீளமான ஒன்றை, டிசைன் எண்ணையும் பெயின்டின் நிற எண்ணையும் பின்னால் எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். ஒரே டிசைன் கடையில் நெடுநாள் கிடைப்பதில்லை, பழுது பார்க்க அந்தத் துண்டு வேண்டியிருக்கும். அந்த மேல்தட்டின் கதவு இப்போது முழுதாகத் திறக்கிறது.